ஒரு ஜிபி ரேம் டேப்லெட்டுக்குச் செயலி எழுதுவது: கேள்வி பதில்

மலிவு விலை ஆண்ட்ராய்டு டேப்லெட்களுக்குச் செயலி எழுதுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. என் வேலை முழுவதும் ஆண்ட்ராய்டில்தான். பதில்களும் அந்த எல்லைக்குள்தான்.

கல்லூரி மாணவர்: மாணவர்கள் எடுத்த இருபது படங்களைக் கட்டங்களாகக் காட்டுகிறேன். என் கைபேசியில் நன்றாக ஓடுகிறது. டேப்லெட்டில் பாதியிலேயே மூடிக்கொள்கிறது. படம் ஒவ்வொன்றும் 3 எம்பிதானே, ஐயா?

கோப்புதான் 3 எம்பி. மடித்து வைத்த புடவை கைக்குள் அடங்கும். விரித்தால் கூடம் முழுவதும் வேண்டும். படமும் அப்படித்தான். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000 × 3000 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வீதம் 4.8 கோடி பைட், அதாவது 48 எம்பி. இருபது படங்களுக்கு 960 எம்பி ஆகிறது. டேப்லெட்டின் மொத்த ரேமே 1 ஜிபி. அதிலும் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்கிறது.

உங்கள் திரை 1024 × 600. கட்டம் ஒன்றின் அகலம் சுமார் 250 புள்ளிகள். அதற்கு 4000 புள்ளிகளை ஏற்றிப் பயன் என்ன? முதலில் படம் திறக்கும் நிரலில் 'இன்ஜஸ்ட்டீகோடுபவுண்ட்ஸ்' என்ற அமைப்பைப் போட்டுப் படத்தை ஏற்றாமல் அளவை மட்டும் படியுங்கள். பிறகு 'இன்சாம்பிள்சைஸ்' 16 என்று கொடுத்து, அதாவது நீளமும் அகலமும் பதினாறில் ஒரு பங்காகும்படி திறந்தால் படம் 250 புள்ளி அகலத்தில் வந்து சேரும். ஒரு படத்துக்கு இரண்டு லட்சம் பைட்கூட ஆகாது. இருபதும் சேர்ந்து 4 எம்பிக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று: ஆண்ட்ராய்டு 8 முதல் படத்தின் புள்ளிகள் ஜாவா ஹீப்புக்கு (செயலிக்கென ஒதுக்கிய, வரம்புள்ள நினைவகத்துக்கு) வெளியே இருக்கின்றன. அதனால் 'அவுட் ஆஃப் மெமரி' பிழையே வராமல், ஆண்ட்ராய்டே உங்கள் செயலியைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம். பிழைப் பதிவில் எதுவும் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். செயலி ஓடப்போகும் அதே டேப்லெட்டில் சோதித்துப் பாருங்கள். கணினிக்குள் ஓடும் போலி டேப்லெட்டான எமுலேட்டர் உங்கள் மடிக்கணினியின் வேகத்தில் ஓடுகிறது. அது காட்டுவது மடிக்கணினியைத்தான்.

ஆசிரியை: வேகம் கூட எந்த ரேம் கிளீனர் செயலியைப் போடலாம்?

எதையும் போடாதீர்கள். பயன்படுத்திய செயலிகளை ஆண்ட்ராய்டு நினைவகத்தில் வைத்திருப்பது, அடுத்த முறை உடனே திறப்பதற்காக. கிளீனர் அவற்றை விரட்டிவிட்டால் ஒவ்வொன்றும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிளீனருக்கும் ரேம் வேண்டும் அல்லவா?

தொண்டு நிறுவன ஊழியர்: இரண்டாயிரம் வினாக்களைத் தரவுத்தளத்தில் ஏற்ற வெகுநேரம் ஆகிறது.

ஒவ்வொரு வினாவையும் தனித்தனியாகச் செருகுகிறீர்கள். அப்படிச் செய்தால் ஆண்ட்ராய்டின் தரவுத்தளமான எஸ்க்யூலைட் ஒவ்வொன்றையும் ஒரு பரிவர்த்தனையாக, அதாவது முழுதாக முடிக்க வேண்டிய தனி வேலையாக எடுத்து, சேமிப்பகத்தில் எழுதி முடியும்வரை காத்திருக்கும். மலிவு டேப்லெட்டின் சேமிப்பகம் மிக மெதுவானது. இரண்டாயிரத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வையுங்கள்.

மென்பொருள் பொறியாளர்: வெப்வியூவில் எழுதினால் ஒரே நிரல் எல்லா இடத்திலும் ஓடும். நீங்கள் ஆண்ட்ராய்டு மொழியான கோட்லினையே பிடித்துக்கொண்டிருப்பது ஏன்?

வெப்வியூ என்பது செயலிக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் முழு உலாவி இயந்திரம். ஒரு பொத்தானைக் காட்டவும் அந்த இயந்திரம் முழுவதும் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அதே பொறியாளர்: எங்களிடம் இருப்பது ஒரே நிரலாளர். இரண்டு முறை எழுத ஆள் எங்கே?

நியாயமான கவலை. பாடப்பக்கங்களைப் படிக்க மட்டும் என்றால் வெப்வியூ போதும் என்று நானே சொல்வேன். ஆனால் உங்களுடையது படம், ஒலி, தேர்வு மூன்றும் உள்ள செயலி. பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் ஒரே வகை டேப்லெட் வைத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிறகு "எல்லா இடத்திலும்" என்பது எந்த இடம்? நிரலாளரின் நேரத்தைச் சேமித்து, அந்தக் காத்திருப்பைக் குழந்தைகள் தலையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

வேறொருவர்: அப்படியென்றால், ஒரே நிரலைப் பல தளங்களுக்குக் கட்டித்தரும் ஃப்ளட்டர்?

வெப்வியூவை விட எனக்குச் சம்மதம். தன் வரைகலை இயந்திரத்தை உடன் கொண்டுவருவதால் ஏபிகே (நிறுவும் கோப்பு) பெரிதாகும். அது தெரிந்து செய்யுங்கள். 64 பிட்டுக்கு மட்டும் கட்டி அனுப்பாதீர்கள். கூகுள் பிளே 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் வடிவத்தைக் கட்டாயமாக்கியதும் பலர் 32 பிட்டைக் கைவிட்டார்கள். ஒரு ஜிபி டேப்லெட்களில் 64 பிட் சில்லு இருந்தாலும் ஆண்ட்ராய்டு பெரும்பாலும் 32 பிட்தான். அவற்றில் உங்கள் செயலி நிறுவவே நிறுவாது.

ஒரு தந்தை: எந்த ரேம் கிளீனர் நல்லது?

மேலே ஆசிரியைக்குச் சொன்னதுதான்.

ஐபேட் பழையதாகிவிட்டது, என்ன செய்யலாம்?

என் துறை இல்லை.

டேப்லெட்டின் பின்புறம் உப்பியிருக்கிறது. செயலி காரணமா?

பேட்டரி. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மாணவி: தேர்வுச் செயலியில் சில பிள்ளைகளின் பதில்கள் மட்டும் காணாமல் போகின்றன. காரணம் பிடிபடவில்லை, அண்ணா.

நானும் இதே தவற்றைச் செய்திருக்கிறேன், தங்கை. ஒரு பள்ளியில் என் செயலியைச் சோதித்த நாளில், ஒரு சிறுமி பதினான்கு கேள்விகளுக்குப் பதில் குறித்துவிட்டு, பதினைந்தாவதுக்காக ஓர் இலையைப் படம் எடுத்தாள். கேமராவுக்கு ரேம் வேண்டும் என்பதால் ஆண்ட்ராய்டு என் செயலியை நிறுத்தியிருந்தது. அவள் திரும்பி வந்தபோது முதல் கேள்வி, வெற்றுக் கட்டங்கள். திரையை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு தன்மேல்தான் தவறு என்பது போல ஆசிரியரைப் பார்த்தாள். பதில்களை நான் நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தேன்.

டேப்லெட் அமைப்புகளில் உள்ள டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதை இயக்கிவிட்டு, தேர்வின் நடுவில் கேமராவைத் திறந்து திரும்புங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே அகப்படும். அந்தச் சோதனை திரையை மட்டுமே அழிக்கும், செயலியை நிறுத்தாது. ஆகவே செயலியைப் பின்னணியில் வைத்து, கணினியிலிருந்து கொடுக்கும் 'ஏடிபி ஷெல் ஏஎம் கில்' கட்டளையாலும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். பிள்ளை எந்தக் கேள்வியில் நிற்கிறது என்பதை, திரையின் நிலையைச் சேமிக்கும் 'ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்'டில் வையுங்கள். பதில்களை அதில் நம்பி வைக்க வேண்டாம். பிள்ளை கட்டத்தைத் தொட்ட அந்தக் கணமே, "அடுத்து" பொத்தானுக்குக் காத்திராமல், தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள்.