கறிவேப்பிலைச் செடியில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிச் சாவது ஏன்?

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மொட்டை மாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தால் போதும், வண்ணத்துப்பூச்சி முட்டையிட வந்துவிடும். அந்தப் புழுக்களில் சில கிளை நுனிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கி, கறுத்துக் கூழாக ஒழுகினால், பெரும்பாலும் அது பாக்குலோ வைரஸ் என்ற கிருமியின் வேலை. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களைத் தாக்கும் வைரஸ் இது.

இந்த வைரஸ் ஒரு புரதக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். நாம் விழுங்கும் கேப்சூல் மாத்திரை மாதிரிதான். வெளியே உறை கரையாது. இலையோடு புழுவின் வயிற்றுக்குள் போனதும் கரைந்து மருந்துக்குப் பதில் வைரஸ் வெளிவரும். புழுவின் குடல் நம் இரைப்பையைப் போல அமிலம் அல்ல, சோப்புத் தண்ணீர் போலக் காரமானது. அந்தக் காரம்தான் உறையைக் கரைக்கிறது. அப்புறம் செல் செல்லாகப் பெருகி, உடலையே கரைத்துவிடும். மேலே ஏற வைப்பதும் வைரஸ்தான்: உச்சியில் வெடித்தால் கீழ் இலைகளெல்லாம் நனையும், அடுத்த புழு தின்னும். கொஞ்சம் கொடூரமான புத்திசாலித்தனம்!

பெட்டியில் வளர்ப்பவர்கள் செத்ததை உடனே அகற்றி, பெட்டியை பிளீச்சிங் கரைசலில் கழுவி வெயிலில் காயவையுங்கள். வெயில் இந்த வைரஸுக்கு ஆகாது. மனிதர்களுக்கு இது தொற்றாது. பயிர்ப் புழுக்களை ஒழிக்க வயலிலேயே தெளிக்கிறார்கள்.

ஒன்று மட்டும்: கூட்டுப்புழு கறுத்தாலே நோய் என்று தூக்கி எறியாதீர்கள், வண்ணத்துப்பூச்சி வெளிவருவதற்கு முந்தைய நாளும் கூடு அப்படித்தான் கறுக்கும்.