சிவப்பு முக்கோணம் யாருக்கு?

கேள்வி: நாஜி முகாம் படங்களில் கைதிகளின் சட்டையில் முக்கோணத் துணி தெரிகிறதே, எதற்கு? வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: எதற்காகப் பிடித்தார்கள் என்பது காவலருக்குப் பார்த்ததுமே தெரிய. முனை கீழ்நோக்கி, கைதி எண்ணோடு இடது மார்பிலும் கால்சட்டையிலும் தைத்திருக்கும். சிவப்பு, அரசியல் எதிரிகளுக்கு. 1933 மார்ச் 22-ல் திறந்த டாஹாவ் முகாமில் முதலில் அடைபட்டவர்கள் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும்தான். பச்சை குற்றவாளிக்கு, ஊதா யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு, இளஞ்சிவப்பு தன்பால் ஈர்ப்பாளருக்கு. யூதர் என்றால் அடியில் மஞ்சள் முக்கோணம் ஒன்று முனை மேல்நோக்கி. இரண்டும் சேர்ந்தால் ஆறுமுனை நட்சத்திரம். முக்கோணத்துக்குள்ளே 'P' எழுத்து இருந்தால் போலந்துக்காரர்.

இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், டீச்சர்: கையில் எண்ணைப் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும். அங்கே ரயிலைவிட்டு இறங்கியதும் நேரே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்ணும் இல்லை, முக்கோணமும் இல்லை. முகாம் பதிவேட்டில் பெயரே ஏறவில்லை.