மனசு வரும்போது வரட்டும்

கேள்வி: எனக்கு 34 வயது. நான்கு மாதமாக மனச்சோர்வு. டாக்டரைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. குளித்து ஐந்து நாள் ஆகிவிட்டது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. "எழுந்து போய் ஒரு குளியல் போடு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். எழுந்திருக்கத்தானே முடியவில்லை! எங்கிருந்து தொடங்குவது?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: ஐந்து நாள்தானே அம்மா! நான் ஒன்பது நாள் பல் தேய்க்காமல் இருந்தவன். சில வருடங்களுக்கு முன்பு எனக்கும் இது வந்தது. பிரஷ் காய்ந்து விறைத்துப் போய்க் குவளையில் நின்றுகொண்டிருக்கும், அதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று கண்ணாடிப் பக்கமே போகாமல் இருந்தேன். அதனால் உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை உங்கள் குணத்தின் கணக்கில் எழுதாதீர்கள். உடல் அசதி, தூக்கமும் பசியும் தாறுமாறாவது, அசைவே மந்தமாவது எல்லாம் இந்த நோயின் அறிகுறிகள்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இவை நீடிக்கின்றனவா என்றுதான் டாக்டர்கள் முதலில் கேட்பார்கள். (எதற்கெடுத்தாலும் 'மன அழுத்தம்' என்று சொல்லிச் சொல்லி, ஆபீஸ் டென்ஷனுக்கும் இந்த நோய்க்கும் வித்தியாசமே இல்லாமல் ஆக்கிவிட்டோம். நீங்கள் மனச்சோர்வு என்றே எழுதியது நல்லது.)

"ஒரு குளியல் போடு" என்பவர்களுக்குக் குளியல் ஒரு வேலை. உங்களுக்கு இப்போது அது ஒரு வேலை இல்லை. போர்வையை விலக்கணும், காலைத் தரையில் வைக்கணும், துண்டு எங்கே என்று தேடணும், மாற்றுத் துணி எடுக்கணும், தண்ணீர் சூடாகும்வரை நிற்கணும், அப்புறம் குளிரக் குளிர உடுப்பைக் கழற்றணும், தலை துவட்டணும், அது காயணும். உடம்பு நன்றாக இருக்கும்போது இத்தனையும் யோசிக்காமலே நடந்துவிடும். மனச்சோர்வில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தீர்மானம் போட வேண்டியிருக்கிறது, மூன்றாவதிலேயே ஆள் காலி.

அதனால் இன்றைக்குக் குளிக்க வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே முகம், கழுத்து, அக்குள், பாதம் துடைத்துவிட்டு உள்ளாடையும் மேல் சட்டையும் மட்டும் மாற்றுங்கள், போதும். குளிக்கிற நாளில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளியுங்கள், தலைக்கு ஊற்ற வேண்டாம். சிக்கை ஒரே நாளில் எடுக்க முயன்றால் கை வலித்து அழுகைதான் வரும். நுனியிலிருந்து மேல்நோக்கி, தினம் ஒரு கொத்து. இல்லை, முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம் என்று தோன்றினால் தாராளமாக வெட்டுங்கள், முடிதானே, வளரும்.

பல்லை மட்டும் நான் கொஞ்சம் வலியுறுத்துவேன். மனச்சோர்வு மாத்திரைகளில் சிலவற்றுக்கு வாய் வறளும், எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். பிரஷ்ஷைக் குளியலறையிலிருந்து எடுத்துவந்து தலைமாட்டில் தண்ணீர் பாட்டிலோடு வையுங்கள். பேஸ்ட் இல்லாமல் முப்பது நொடி தேய்த்தாலும் அது பல் தேய்த்ததுதான். எனக்கு முதலில் நடந்தது அதுதான், படுத்துக்கொண்டே தேய்த்தேன், தலையணையெல்லாம் ஈரம்.

"மனசு வந்தால் செய்வேன்" என்று காத்திருப்பதில்தான் நாம் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். 1970களில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதினார். ஒரு வேலையை விடுகிறோம், அதனால் கிடைத்துவந்த சின்னத் திருப்தியும் போகிறது, மனசு இன்னும் இறங்குகிறது, அதனால் இன்னொரு வேலையையும் விடுகிறோம். இந்தச் சுழலைச் செயல் பக்கத்திலிருந்து அறுப்பதற்கு 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' என்று ஒரு சிகிச்சையே இருக்கிறது. 1996-ல் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரின் குழு, எண்ணங்களை ஆராய்ந்து திருத்துகிற முழுச் சிகிச்சையையும், அதிலிருந்து செயல் பகுதியை மட்டும் தனியே எடுத்துக் கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. அதாவது, முகம் கழுவ மனசு வர வேண்டிய அவசியமில்லை. அது வரும்போது வரட்டும், கை முன்னால் போகட்டும்.

அப்புறம் வெளிச்சம். எழுந்ததும், அது பதினொரு மணியாக இருந்தாலும், வெளியே போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் அதிகம், மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். உடம்பின் கடிகாரம் அதைப் பார்த்துத்தான் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. பலருக்குக் காலைதான் மோசமான பொழுது, சாயங்காலம் கொஞ்சம் தெளியும். அப்படியென்றால் குளியலைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள், காலையில்தான் குளிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மாத்திரை முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும், பக்கவிளைவுதான் முந்திக்கொண்டு வரும். மூன்று வாரத்தில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் "பரவாயில்லை" என்று சொல்லி மழுப்பாமல், "ஐந்து நாள் குளிக்கவில்லை" என்றே சொல்லுங்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி, அவருக்கு அந்த எண் உபயோகப்படும்.

கேள்வி: நடைப்பயிற்சி மாத்திரைக்குச் சமம் என்று படித்தேன். ஒரு வருடமாகச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கலாமா?

பதில்: நடங்கள். நிறுத்தாதீர்கள். நீங்கள் படித்தது அநேகமாக 1999-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ப்ளூமென்தல் குழு செய்த ஆய்வைப் பற்றியதாக இருக்கும். 50 வயதைத் தாண்டிய 156 பேர், 16 வாரம். முடிவில் உடற்பயிற்சி செய்தவர்களும் மாத்திரை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள், உண்மைதான். ஆனால் ஆரம்பத்தில் வேகமாகத் தேறியது மாத்திரைக்காரர்கள். அந்தப் பயிற்சியும் வாரம் மூன்று நாள், குழுவாக, மேற்பார்வையாளர் முன்னிலையில் நடந்தது. தனியாக, எழுந்திருக்கவே முடியாத ஒருவரிடம் போய் "நட, சரியாகும்" என்று சொல்ல அந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை.

மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு, இதெல்லாம் வரலாம். டாக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். கேட்கப் போகும்போது தைராய்டு, பி12, ரத்தசோகை பார்த்தாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள், தைராய்டோ பி12-ஓ குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும்.

கேள்வி: தம்பி மூன்று வாரமாக அறையை விட்டு வருவதில்லை. "குளிடா" என்றால் கத்துகிறான். அக்காவாக நான் என்ன செய்வது?

பதில்: முதல் வேலை, அவனிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அப்படி ஆவதில்லை, பலருக்குச் சொல்லிவிட்ட நிம்மதிதான் வரும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவனைத் தனியே விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்து, கூர்மையான பொருள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டரைப் பார்த்தாக வேண்டும், மூன்று வாரம் சின்ன விஷயம் இல்லை.

குளியலைப் பொறுத்தவரை, "குளி" என்று சொல்வதை நிறுத்துங்கள். வெந்நீர், துண்டு, துவைத்த சட்டை மூன்றையும் தயாராக வைத்துவிட்டு, "எல்லாம் எடுத்து வெச்சுட்டேன், நான் வெளியில உட்கார்ந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வந்தால், "அப்பாடா, இன்னைக்காவது குளிச்சியே" என்று கைதட்டாதீர்கள், அது பாராட்டு இல்லை, குத்தல். வராவிட்டால் தண்ணீர் ஆறட்டும். சட்டையை மட்டும் கட்டிலோரம் வைத்துவிட்டு வாருங்கள்.