லைன்மேன் மகனுக்கு எந்தக் காலேஜ்?

டாலஸ் பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பதினொன்றாம் வகுப்புக்குப் போகிற பையன் அமெரிக்கன் ஃபுட்பாலை விட்டுவிட வேண்டுமா என்பது ஒன்று. அவன் அப்பா ஆசைப்படுவதுபோல என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் வரை போக முடியுமா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். அமெரிக்கப் பள்ளிகளில் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அங்கிருந்து டிராஃப்ட்டுக்கு (என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) தகுதி பெறுகிறவர்களில் என்.எஃப்.எல். போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

அதற்காக விட்டுவிடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆறடி மூன்று அங்குலம், 270 பவுண்ட், இடது டாக்கிள் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேன்), கணக்கில் ஏ கிரேடு. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், மார்க்கை மட்டும் காட்டி நுழைவது கடினமான சில கல்லூரிகளின் கதவு இவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும் என்று தோன்றுகிறது.

பெரிய அணிகளை முதலில் பார்ப்போம். கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவில் இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணிக்கு 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதோடு, வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு. லைன்மேனுக்கு உடம்பு முற்ற நாளாகும் என்பதால், பதினெட்டு வயதுப் பையனை எடுத்து வளர்ப்பதைவிட வேறு கல்லூரியில் வளர்ந்து முடிந்த இருபத்திரண்டு வயதுக்காரரை எடுப்பது கோச்சுகளுக்கு வசதி. பள்ளியிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை.

மறுபக்கம், தாமதமாக மலர்கிறவர்களும் இந்த இடத்தில்தான் அதிகம். ஜேசன் கெல்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் இல்லாமல், வேறு பொசிஷனுக்காகச் சேர்ந்தவர். பிறகு லைனுக்கு மாறி, 2011 டிராஃப்ட்டின் ஆறாவது சுற்றில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போய், 13 சீசன் லைனின் நடுவில் நிற்கும் சென்டராக ஆடினார். உங்கள் பையனின் உயரத்துக்கு மேல்மட்டத்தில் டாக்கிள் இடம் கிடைப்பது கஷ்டம், சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு இடத்துக்கோ சென்டருக்கோ மாற்றுவார்கள். இப்போதே பந்தை ஸ்னாப் செய்ய, அதாவது கால்களுக்கிடையே பின்னால் கொடுக்க, பழகச் சொல்லுங்கள்.

நான் அதிகம் பார்க்கச் சொல்வது ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களையும், என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவில் ஆடும் எம்.ஐ.டி., ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், சிகாகோ போன்றவற்றையும். இரண்டு இடத்திலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஐவியில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள், அட்மிஷனில் கோச்சின் ஆதரவுக்கு நல்ல மதிப்பு உண்டு. மற்றவற்றில் அந்த மதிப்பு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கால்குலஸில் ஏ வாங்கும் 270 பவுண்ட் பையன்கள் வரிசையில் நிற்பதில்லை, அம்மா.

படிப்பும் ஆட்டமும் சேராது என்று வீட்டில் யாராவது சொன்னால் ஜான் அர்ஷலைச் சொல்லுங்கள். பென் ஸ்டேட்டில் கார்டாக ஆடிக்கொண்டே கணிதத்தில் முதுகலை முடித்தார், என்.எஃப்.எல். அணியான பால்டிமோர் ரேவன்ஸுக்கு மூன்று சீசன் ஆடினார், 2017-இல் 26 வயதில் ஓய்வு பெற்றார். எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி இப்போது அங்கேயே கணிதப் பேராசிரியர்.

அவர் ஓய்வை அறிவித்த அதே வாரத்தில்தான் அந்த மூளை ஆய்வு வெளிவந்தது. தானமாக வந்த 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல் சி.டி.இ. எனும் சிதைவு நோய் இருந்தது. அறிகுறி தெரிந்த குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்திருப்பார்கள் என்பதால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் உங்கள் பயம் வீண் பயம் இல்லை. லைன்மேனுக்குப் பெரிய மோதலைவிட, ஒவ்வொரு ஆட்டத்திலும் பிராக்டிஸிலும் விழும் சின்னச் சின்ன முட்டல்கள்தான் சேர்ந்துகொண்டே போகின்றன. பள்ளியில் வாரத்துக்கு எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி என்று கேளுங்கள். டெக்சாஸில் 2011 முதல் சட்டமே இருக்கிறது: தலையில் அடிபட்ட மாணவர் மருத்துவர் எழுத்தில் அனுமதி தராமல் களத்துக்குத் திரும்பக் கூடாது. மூளை அதிரும் அடியான கன்கஷன் ஒன்றுக்குப் பிறகு தலைவலியும் மறதியும் வாரக்கணக்கில் நீடித்தால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் அத்தோடு நிறுத்திவிடுவேன்.

எடையை 300-க்கு ஏற்றச் சொல்லி யாராவது தூண்டினால் இப்போதைக்கு வேண்டாம். சீசன் இல்லாத மாதங்களில் மல்யுத்தமும் குண்டு எறிதலும் போதும். கோச்சுகள் வீடியோவில் தேடும் கால் வேகமும் இடுப்பைத் தாழ்த்தும் பழக்கமும் அதில்தான் வரும்.

சரி, போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருந்தீர்களே, பையன் எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்கானது) இருக்கிறான் என்று. எனக்கு அதுதான் பெரிய விஷயம். எச்-4 பிள்ளைகளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மத்திய அரசின் கல்வி உதவியும் இல்லை. 21 வயதானால் அந்த விசாவே முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். கல்லூரி ஸ்காலர்ஷிப் வாங்கலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் விளம்பரத்துக்கோ, அணியில் ஆடுவதற்கோ வருகிற பணம் வேலை வருமானமாகக் கருதப்பட்டால் விசாவுக்கே ஆபத்து. உள்ளூர்க் கடைக்காரர் டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு போஸ் கொடுக்கச் சொல்லிப் பணம் நீட்டினாலும், முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கோச்சுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம் காகித வேலை. என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அதில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் பட்டியலை இந்த மாதமே சரிபாருங்கள். மெயிலில் வரும் கேம்ப் அழைப்புகளைப் பார்த்து மயங்காதீர்கள், பல கேம்ப்கள் கட்டணம் வசூலிக்கத்தான். அவன் படிக்க விரும்பும் இரண்டு மூன்று கல்லூரிகளின் கோடைக் கேம்ப் போதும்.

எந்தக் கோச்சாவது "ஆஃபர்" என்று வாயால் சொன்னால், இன்றைக்கே சரி என்றால் எழுத்தில் தருவீர்களா, முதல் வருடமே முழங்கால் போனால் உதவித்தொகை தொடருமா என்று கேளுங்கள். இன்ஜினியரிங் லேப் மதியம் மூன்று மணிக்கு வந்தால் பிராக்டிஸை என்ன செய்வீர்கள் என்பதைப் பையனே கேட்கட்டும். அதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.