நாயை முதன்முதலாக டே கேரில் விடும்முன் என்ன செய்ய வேண்டும்?

எட்டு மாத லாப்ரடார், இதுவரை தனியாக இருந்ததே இல்லை, அடுத்த மாதம் முதல் டே கேர் என்கிறீர்கள். ஒரு மாதம் கையில் இருப்பது நல்லது.

முதலில் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர் (இரண்டும் நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்கள்), எலிக்காய்ச்சல் ஊசிகளில் ஏதாவது பாக்கி இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். எதிர்ப்பு சக்தி வர சுமார் 2 வாரம் ஆகும். முந்தின நாள் போட்டுப் பயனில்லை. பல நாய்கள் கூடும் இடத்தில் கென்னல் காஃப் இருமல் சுலபமாகத் தொற்றும். அதற்கான ஊசியையும் உண்ணி மருந்தையும் டாக்டரிடம் கேளுங்கள்.

இதைவிடக் கஷ்டம் பிரிவுதான். நான் சாவியை எடுத்தாலே எங்கள் வீட்டுச் செல்லம் வாசலை மறித்துப் படுத்துக்கொள்வாள். அதனால் தினமும் சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, வெளியே போய் 2 நிமிஷத்தில் திரும்பி வந்தேன். அப்புறம் 10 நிமிஷம், அரை மணி நேரம் என்று கூட்டினேன். மூன்றாவது வாரம் சாவிச் சத்தத்துக்கு ஒரு காது மட்டும் நிமிர்ந்தது. தலை தரையை விட்டு எழவே இல்லை.

முதல் தடவை அரை நாள் போதும். வீட்டுச் சாப்பாட்டையே கொடுத்தனுப்புங்கள். நீங்கள் போட்டுக் கழற்றிய, துவைக்காத டீ-ஷர்ட் ஒன்றும் கூடப் போகட்டும்; உங்கள் வாசனை நாய்க்குப் பெரிய ஆறுதல். கேட்டருகே கட்டிப்பிடித்து நிற்காமல் சட்டென்று கிளம்பிவிடுங்கள்.

சாயங்காலம் அசந்து தூங்கினால் சரிதான். ஆனால் அடுத்தடுத்த நாட்களிலும் அந்த வாசலைக் கண்டதும் வாலை மடக்கிப் பின்வாங்கினால், இடத்தை மாற்றத் தயங்காதீர்கள்.