நனைந்த வளைவில் நழுவும் டயர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மழையில் நேராகப் போகும்வரை என் கார் சமர்த்தாக இருக்கிறது. வளைவில் திருப்பினால் மட்டும் மூக்கு திரும்பாமல் வெளிப்பக்கமாகவே போகிறது. டயரில் பட்டன் (வரிப்பள்ளங்களின் ஆழம்) 5 மி.மீ. இருக்கிறது, காற்றும் சரி. வேகமும் 50-ஐத் தாண்டவில்லை. கோளாறு எங்கே?

பதில்: அந்த 50-இல்தான். நேர்சாலையில் டயருக்குப் பக்கவாட்டில் வேலையே கிடையாது. வளைவில் வண்டியை உள்ளே இழுத்துப் பிடிப்பது, தரையைத் தொடும் நான்கு ரப்பர் திட்டுகள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்று வையுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு (பிடிப்பின் அளவைச் சொல்லும் எண்) சுமார் 0.8, அங்கே பிடிப்பு அறுந்துபோகும் வேகம் மணிக்கு 71 கி.மீ. சாலை நனைந்து, பிசுக்கும் சேர்ந்து கெழு 0.4-க்கு இறங்கினால் அதே வளைவில் 50 கி.மீ.தான் எல்லை. அதுவும் பிரேக்கைத் தொடாமல், மேடுபள்ளம் இல்லாமல் போனால்.

வளைவில் தேவைப்படும் பிடிப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40-இலிருந்து 50-க்குப் போவது 10 கி.மீ. கூடுதல்தான், பக்கவாட்டுத் தேவையோ 56 சதவீதம் கூடிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. திருப்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் டயரிடம் தனித்தனிக் கையிருப்பு இல்லை, இரண்டுக்கும் ஒன்றேதான். மேலே சொன்ன நனைந்த வளைவில் 40-இல் போனால், திருப்பியது போக, நேர்சாலையில் கிடைக்கும் பிரேக் பலத்தில் முக்கால் பங்குக்கு மேல் மிச்சமிருக்கும். 50-இல் போனால் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அப்போது எதிரே ஏதோ தெரிந்து பிரேக்கை மிதித்தால் மூக்கு வெளியே போகாமல் என்ன செய்யும்? ஆகவே பிரேக், கியர் குறைப்பு எல்லாம் வளைவுக்கு முன்பு, சக்கரம் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

கேள்வி: மீறி நழுவிவிட்டால் அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதைப் பொறுத்தது.

முன்பக்கம் நழுவினால் முதலில் கைக்குத்தான் தெரியும். கனமாக இருந்த ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிடும். திருப்பினாலும் வண்டி கேட்காது. எல்லோரும் செய்யும் தவறு, இன்னும் திருப்புவது. ஓர் அளவைத் தாண்டித் திரும்பிய டயர் கூடுதலாகப் பிடிக்காது, குறுக்கே தேய்ந்துகொண்டு போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். எடை முன் சக்கரங்களுக்கு வரும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வேகம் குறைந்ததும் டயர் மறுபடி கடிக்கும், ஸ்டியரிங்கில் கனம் திரும்பும். அதன்பிறகு வேண்டிய அளவு திருப்பலாம். முழுக்கத் திருப்பி வைத்திருந்தவர்களுக்கு ஆபத்து இங்கேதான்: பிடிப்பு திரும்பி வந்ததும் வண்டி வெடுக்கென்று உள்ளே பாயும்.

பின்பக்கம் நழுவுவதை இடுப்பு உணரும், இருக்கை பக்கவாட்டில் நகர்வதுபோல இருக்கும். பிரேக் வேண்டாம். எங்கே போக வேண்டுமோ அந்தத் திசையைப் பாருங்கள். கை தானாக அங்கே திருப்பும். வால் இடப்புறம் போனால் ஸ்டியரிங்கும் இடப்புறம். வால் திரும்பி வரத் தொடங்கியதுமே ஸ்டியரிங்கை நேராக்கிவிட வேண்டும். தாமதித்தால் வண்டி மறுபக்கம் சாட்டைபோல வீசும். முதல் சறுக்கலைவிட இந்த இரண்டாவது வீச்சில்தான் பல வண்டிகள் சுழல்கின்றன. பின்சக்கரம் இழுக்கும் கார்களில் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிப்பதால் வால் நழுவும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் வளைவு நடுவே பயந்து காலைச் சட்டென்று எடுப்பதாலேயே நழுவக்கூடும், ஏனென்றால் எடை முன்னே பாய்ந்து பின்பக்கம் லேசாகிறது.

இ.எஸ்.சி. (சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு) உள்ள கார் என்றால் அது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து மூக்கை நேர்செய்யப் பார்க்கும். போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கை வைத்துக்கொடுங்கள், மீதியை அது செய்யும். ஆனால் இல்லாத பிடிப்பை அதனாலும் உண்டாக்க முடியாது.

கேள்வி: கொட்டும் மழையைவிடத் தூறல்தான் அதிகம் வழுக்கும் என்கிறார்களே?

பதில்: பல நாள் வெயிலுக்குப் பின் வரும் தூறல் என்றால், உண்மை. ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, தரையோடு ஒட்டிக்கொள்வது. மற்றது, சல்லியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பற்றுவது. மெல்லிய நீர்ப்படலமே முதல் பிடிப்பைப் பெருமளவு அறுத்துவிடும். சாலையில் படிந்த எண்ணெய், தூசி, ரப்பர் துகள் எல்லாம் தூறலில் குழைந்து, அந்தப் பள்ளங்களையும் மெழுகிவிடுகின்றன. நல்ல மழை சிறிது நேரம் பெய்தால் இந்தப் பிசுக்கு கழுவிக்கொண்டு போய்விடும். அதன்பிறகு கவலை தேங்கும் தண்ணீரைப் பற்றியது. சாலையில் வானவில் நிறம் தெரிந்தால் அது எண்ணெய், டயர் அதில் ஏறக் கூடாது.

கேள்வி: மழைக்காலத்தில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிப்பு கூடுமா?

பதில்: கூடாது. இது மணலுக்கான யோசனை. யாரோ மழைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், வரிப்பள்ளங்கள் நெருங்கும், தண்ணீர் வெளியேற வழி குறையும். விளைவு, டயர் நீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் இறங்கிவிடும். விமான டயர்களை வைத்து நாசா வகுத்த சூத்திரம் ஒன்று உண்டு: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் மிதக்கும் வேகம், நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.). 32 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு 94 கி.மீ., 24-க்கு 82 கி.மீ. காரின் அகலமான, தேய்ந்த டயர் இதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கலாம். அளவுக்கு மேல் அடைப்பதும் சரியல்ல, தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவே சரி. டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறேன். வண்டி முன்சக்கரத்தால் இழுப்பது. புதியவை முன்னேதானே?

பதில்: பின்னே. முன்பக்கம் நழுவினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் நழுவினால் வண்டியே சுழலும். நல்ல பட்டன் பின்னே இருந்தால், பிடிப்பு போகும்போது முதலில் ஸ்டியரிங்கில் எச்சரிக்கை வரும். அதற்காக முன்னே மொட்டை டயரைப் போட்டு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. கார் டயரின் பள்ளத்துக்குள் தெரியும் டி.டபிள்யு.ஐ. (தேய்மானம் காட்டும்) மேடு பெரும்பாலும் 1.6 மி.மீ.யைக் குறிக்கும், பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் டயர் முடிந்தது. மழைக்கு அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது.

கேள்வி: பைக்கில் மழை வளைவை எப்படி எடுப்பது? சாய்க்கவே பயமாக இருக்கிறது.

பதில்: சாயாமல் பைக் திரும்பாது. எவ்வளவு சாய்கிறோம் என்பதை வேகம்தான் தீர்மானிக்கிறது. முதல் பதிலில் சொன்ன வளைவில் 40 கி.மீ.க்குச் சாய்வு சுமார் 14 டிகிரி. 50-க்கு 21 டிகிரி, அது நனைந்த சாலையின் விளிம்பு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் முழுவதும் விட்டபின் சாயுங்கள். உடலை ஒரு சாண் உள்பக்கம் நகர்த்தினால் அதே வேகத்துக்கு வண்டி கொஞ்சம் நிமிர்ந்தே போகும். ஆக்சிலரேட்டரை ஒரே சீராக, லேசாகத் திறந்து வையுங்கள். சாய்ந்த நிலையில் கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டால், பிரேக்கைத் தொடாமலேயே பின்சக்கரம் நழுவும்.

வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு மூன்றும் நனைந்தால் கண்ணாடிபோல ஆகும். தவிர்க்க முடியாவிட்டால் வண்டியை ஒரு நொடி நிமிர்த்தி, அதன்மேல் கடந்ததும் மறுபடி சாயுங்கள். புதுப் பைக் டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ.க்குச் சாய்வில் நிதானம் தேவை. சாதாரண ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) நேராகப் போகும்போது காப்பாற்றும், சாய்வில் அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: கார் அதிகம் ஓடுவதில்லை. டயருக்கு வயது ஏழு. பட்டன் அப்படியே இருக்கிறது. போதாதா?

பதில்: பட்டன் தண்ணீரை வெளியேற்றும், பிடிப்பது ரப்பர். வயதான ரப்பர் இறுகிவிடும், சல்லிக்குள் அமுங்காது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பக்கச்சுவரிலோ வரிப்பள்ளத்தின் அடியிலோ மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலும், நகத்தால் அழுத்தும்போது மரம்போல இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பளபளப்புக்காகப் பூசும் டயர் பாலிஷ் பக்கச்சுவரோடு நிற்கட்டும், பட்டன்மேல் பட்டுவிட்டால் சோப்பு நீரில் கழுவிவிட்டே வண்டியை எடுங்கள்.