அந்த நாய் எங்கே போச்சு?

"குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களுக்கு, அந்தக் குழந்தைகளை நேரில் சந்திக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் எப்படி இருக்கும்? மறக்க முடியாத சந்திப்பு எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷம் அப்புறம். முதலில் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நூலகத்தில் என் படப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டிவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, ஏழு வயது இருக்கும், எழுந்து "அந்த நாய் எங்கே போச்சு?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் என் கதையில் நாயே கிடையாது. ஒரு பாட்டி, ஒரு பேரன், தொலைந்துபோன ஒரு குடை, அவ்வளவுதான். அவள் நேராக வந்து என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டிக் காட்டினாள். பாட்டி வீட்டு வாசலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நாய்க்குட்டி. அடுத்த பக்கத்தில் தெருமுனையில் பேரனுக்குப் பின்னால் அதே நாய். அப்புறம் மழை வருகிறது. மழைக்குப் பிறகு நாயைக் காணோம்.

நடந்தது இதுதான். படப் புத்தகத்தில் எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் இன்னொருவர், பல சமயம் இருவரும் பேசிக்கொள்வதுகூட இல்லை, நடுவில் பதிப்பாசிரியர்தான் தூது. புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டுவதால் பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற கணக்கில்தான் வரும். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது 12 அல்லது 14 இரட்டைப் பக்கங்கள். அதனால் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஓவியர்தான் நிரப்ப வேண்டும். காலியாக இருந்த வாசலில் ஒரு நாயைப் போட்டிருக்கிறார். அச்சுக்குப் போகும் முன் நான் மூன்று முறை பார்த்தேன், ஆனால் பார்த்ததெல்லாம் ஒற்றுப்பிழையை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு உள்ள வியாதி இது, கண் நேராக எழுத்துக்குத்தான் போகும். இன்னும் சரளமாகப் படிக்க வராத பிள்ளைகளோ, நாம் வாசிக்க வாசிக்கப் படத்தை ஒரு மூலை விடாமல் மேய்ந்துகொண்டிருப்பார்கள்.

"மழை வந்துச்சுல்ல, வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கும்" என்று சமாளித்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே எழுதுனீங்க?"

"தெரியாதும்மா."

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஓவியரிடம் சொன்னபோது அவர் பத்து நிமிடம் சிரித்துவிட்டு, மறு அச்சில் கடைசிப் பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் ஒரு வாலை மட்டும் வரைந்து கொடுத்தார். அந்தப் பெண் அதைப் பார்த்தாளா என்று தெரியாது.

நான் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியபோது இருந்த சந்தோஷத்தை எந்தப் பாராட்டும் தந்ததில்லை. "உங்கள் கதை ரொம்பப் பிடித்திருந்தது" என்று ஒரு குழந்தை சொன்னால் மகிழ்ச்சிதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் முதுகில் லேசாகத் தட்டித்தான் அந்த வாக்கியம் பாதி நேரம் வெளியே வருகிறது. வகுப்பறைகளிலிருந்து கட்டுக்கட்டாகக் கடிதம் வரும், முப்பதிலும் அதே நாலு வரி இருக்கும். அதில் ஒன்றில் மட்டும் "டீச்சர் எழுதச் சொன்னாங்க, அதனால எழுதறேன், நான் இன்னும் படிக்கல, அட்டை நல்லா இருக்கு" என்று இருந்தது. அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, ஆரம்ப நாட்களில் வாசித்து முடித்ததும் "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்பேன். ஒருமுறை நாலைந்து பேர் ஒரே குரலில் "பொய் சொல்லக் கூடாது" என்றார்கள். அந்தக் கதையில் யாருமே பொய் சொல்லவில்லை! பெரியவர்கள் கேட்டால் எதையாவது சொல்லித் தப்பிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. அதோடு அந்தக் கேள்வியை விட்டேன். இப்போது நானாக எதுவும் கேட்பதில்லை, அவர்கள் கேட்பார்கள். உங்களுக்கு எத்தனை வயசு, நீங்க பணக்காரரா, ஏன் உங்க கையெழுத்து இவ்வளவு மோசமா இருக்கு.

அச்சுக்குப் போகாத கதையை ஐந்தாறு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் பழக்கமும் உண்டு. "நல்லா இருக்கா?" என்று கேட்டால் பிரயோஜனமில்லை, இருக்கு என்றுதான் சொல்வார்கள். கால்களைப் பார்க்க வேண்டும். எந்த வரியில் கால் ஆட ஆரம்பிக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்தி காலி. என் ஆறு வருட உழைப்பு ஒன்றை ஒரு கொட்டாவி ஊற்றி மூடியிருக்கிறது. 1936இல் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி ஹாபிட்' என்ற சிறுவர் நாவலை, அச்சாகும் முன்பே, தன் பத்து வயது மகன் ரெய்னரிடம்தான் கொடுத்துக் கருத்துக் கேட்டார், கூலி ஒரு ஷில்லிங். ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான் பையன், பத்து வயதுக்காரர்களை நாசூக்காக விட்டுவிட்டு! புத்தகம் அடுத்த வருடமே வந்தது.

சரி, மறக்க முடியாத சந்திப்பு. கூட்டம் கலைந்த பிறகு ஒரு பையன் கதவோரமாகவே நின்றுகொண்டிருந்தான். பத்து, பதினொரு வயது. கையெழுத்து வேண்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க நரிக் கதையை நான் மாத்திட்டேன்" என்றான், குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

அந்தக் கதையில் ஆமை ஓட்டும் படகு கிளம்பிவிடும், நரி கரையில் தனியாக நிற்கும், அதோடு முடிந்துவிடும். அந்த முடிவில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அவனுடைய நாலு வயதுத் தங்கை அந்த இடம் வந்ததும் அழுகிறாளாம். அதனால் தினமும் ராத்திரி இவன் நரியைப் படகில் ஏற்றிவிடுகிறான்.

"எப்படி ஏறுது?"

"ஆமை திரும்பி வந்து, சாப்பாட்டு மூட்டையை மறந்துட்டேன்னு சொல்லும். நிஜமா மறக்கல. நரிக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு சும்மா சொல்லும்."

நான் அதற்குப் பக்கத்தில்கூட வந்திருக்க மாட்டேன். கதையின் பாதிக்கு மேல் அந்த நரி யாரிடமும் உதவி கேட்கக் கூசுகிறது, எழுதிய எனக்கு அது முடிவில் மறந்துபோனது, படித்த அவனுக்கு மறக்கவில்லை.

அப்புறம் பேச்சு வாக்கில் இன்னொன்றும் சொன்னான். அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், வகுப்பில் வாய் திறப்பதில்லை, மற்றவர்கள் சிரிப்பார்கள். தங்கைக்குப் படிக்கும்போது மட்டும் சத்தமாகப் படிக்கிறான், வராத வார்த்தை வந்தால் தானே ஒன்றைப் போட்டுக்கொள்கிறான், அவளுக்கு எழுத்து தெரியாதே, யார் கண்டுபிடிப்பது. மாற்றினது தப்பா என்றுதான் கேட்க வந்திருக்கிறான். தப்பே இல்லை என்றேன், அதற்கு மேல் சொல்ல எனக்கும் ஒன்றும் வரவில்லை.

இப்போது அந்தத் தங்கைக்கு ஆறு வயதாவது ஆகியிருக்கும். எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருப்பாள். ஒருநாள் தானாகவே அந்தப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கம்வரை போய், நரி கரையிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மூட்டை எங்கே என்று அண்ணனைத் தேடிக்கொண்டு ஓடுவாள்.